கூட இருக்கும் ஈ

வாழைப்பழம் வாங்கி வருகிறோம். தட்டில் வைக்கிறோம். இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறோம். பழம் கனிந்து தோல் கறுத்திருக்கிறது. அதன்மேல் சின்னச் சின்ன ஈக்கள் சுற்றுகின்றன. கையை வீசினால் கலைகின்றன. உடனே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதுதான் பழ ஈ. எள் அளவு இருக்கும். நீளம் 2 அல்லது 3 மில்லி மீட்டர்தான். உடல் வெளிர் பழுப்பு. கண் மட்டும் செக்கச்செவேல் என்று இருக்கும்.

பழம் அழுகினால் அதிலிருந்தே இந்த ஈ உண்டாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழம் புளிக்கும்போது ஒரு வாசனை வரும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஈ வருகிறது. பழத்தில் முட்டை இடுகிறது. ஒரு நாளில் முட்டை பொரிந்து புழு வருகிறது. புழு பழக்கூழைத் தின்று வளர்கிறது. பிறகு கூட்டுப்புழு ஆகிறது. ஏறக்குறைய பத்து நாளில் புது ஈ பறக்கிறது. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும்.

மா, கொய்யா, பாகல், பீர்க்கு பயிரிடுபவர்கள் பழ ஈ என்றதும் வேறு ஒன்றை நினைப்பார்கள். அது காயைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். விளைச்சலைக் கெடுக்கும். அது பெரிய ஈ. இங்கே சொல்லப்போவது அதைப் பற்றி இல்லை. பழத்தட்டில் சுற்றும் இந்தச் சின்ன ஈயைப் பற்றித்தான்.

இந்த ஈயை வைத்து விஞ்ஞானிகள் ஒரு கேள்விக்குப் பதில் தேடினார்கள். ஓர் உயிர் நடந்துகொள்ளும் விதம் எங்கிருந்து வருகிறது? பிறப்பிலிருந்தா? பழகும் கூட்டத்திலிருந்தா?

நம் வீடுகளில் தினமும் நடக்கும் வழக்குதான் இது. பிள்ளை சொல்பேச்சுக் கேட்கவில்லை என்றால், "எல்லாம் உங்கள் வம்சத்துப் புத்தி" என்று ஒருவர் சொல்வார். "சேர்க்கை சரியில்லை" என்று இன்னொருவர் சொல்வார். ஈயிடமிருந்து கிடைத்த பதில் இரண்டு பேரையும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

பாட்டிலுக்குள் பல தலைமுறை

எத்தனையோ விலங்குகள் இருக்க, ஈ எதற்கு? காரணம் எளிது. யானை ஒரு குட்டி போட இரண்டு வருடம் ஆகும். ஆட்டுக்கு ஐந்து மாதம். பழ ஈக்குப் பத்து நாள் போதும். ஒரே வருடத்தில் முப்பது தலைமுறைக்கு மேல் பார்த்துவிடலாம். ஒரு பாட்டிலில் நூறு, இருநூறு ஈக்களை வளர்க்கலாம். செலவும் குறைவு.

மைசூர் பல்கலைக்கழகத்தில் பழ ஈக்களை வகை வகையாக வளர்த்துக் காக்கும் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே ஈக்குக் கொடுக்கும் சாப்பாடு என்ன தெரியுமா? ரவையும் வெல்லமும்! இரண்டையும் தண்ணீரில் காய்ச்சுகிறார்கள். அது கட்டியாக உறைய கடல்பாசி சேர்க்கிறார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மருந்து விடுகிறார்கள். நம் வீட்டுக் கேசரிக்கு ஏறக்குறைய ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

இந்த ஈயைப் புகழ்பெறச் செய்தவர் தாமஸ் ஹண்ட் மார்கன். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் இருந்த விஞ்ஞானி. பால் பாட்டில்களில் வாழைப்பழத்தைப் போட்டு ஈக்களை வளர்த்தார். 1910-ஆம் ஆண்டு அவருடைய பாட்டிலில் ஓர் அதிசயம் நடந்தது. ஆயிரக்கணக்கான சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே ஓர் ஆண் ஈக்கு மட்டும் வெள்ளைக் கண் இருந்தது. அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அவர் எண்ணிப் பார்த்தார். வெள்ளைக் கண் எந்த வழியில் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். 1933-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மரபணு என்றால் என்ன?

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். தாத்தாவின் மூக்கு பேத்திக்கு வருகிறது. அத்தையின் சுருட்டை முடி மருமகளுக்கு வருகிறது. இது எப்படி வருகிறது?

ஒவ்வோர் உயிரின் உடலிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. இவற்றுக்குச் செல் என்று பெயர். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு புத்தகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உடலை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகத்தில் ஒரு குறிப்புக்கு மரபணு என்று பெயர். ஜீன் என்றும் சொல்வார்கள்.

தமிழ் படிக்க 247 எழுத்துக்கள். மரபணுவின் மொழிக்கு நான்கே நான்கு எழுத்துக்கள்தான். இந்த நான்கும் மாறி மாறி வந்து எல்லாக் குறிப்புகளையும் எழுதுகின்றன. 'கல்' என்பதில் ஓர் எழுத்து மாறினால் 'கண்' ஆகிவிடுகிறது. பொருளே மாறிவிடுகிறது. மரபணுவிலும் அப்படித்தான். ஓர் இடத்தில் எழுத்து மாறினால் குறிப்பு மாறலாம். கண்ணுக்குச் சிவப்பு ஏற்றும் குறிப்பு கெட்டுவிட்டால் கண் வெள்ளையாகவே நின்றுவிடும். மார்கனின் ஈக்கு நடந்தது அதுதான்.

பழ ஈயின் புத்தகத்தில் சுமார் 14,000 மரபணுக்கள் இருக்கின்றன. மனிதருக்குச் சுமார் 20,000. இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். நமக்கு நோய் வரக் காரணமான மரபணுக்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குக்கு இணையானவை ஈயிடமும் இருக்கின்றன. அதனால்தான் ஈயைப் படித்தால் நம்மைப் பற்றியும் கொஞ்சம் தெரிகிறது.

நடத்தையும் பிறப்பில் வருமா?

கண்ணின் நிறம் மரபணுவில் வருகிறது. சரி. நடத்தையும் அப்படி வருமா?

கனடா நாட்டு விஞ்ஞானி மார்லா சோகோலோவ்ஸ்கி ஈயின் புழுக்களைக் கவனித்தார். ஒரு தட்டில் ஈஸ்ட் கூழைத் தடவினார். ரொட்டி மாவைப் பொங்க வைக்கப் போடுகிறோமே, அந்த ஈஸ்ட்தான். ஈப் புழுவுக்கு அது நல்ல சாப்பாடு. அதன்மேல் புழுக்களை விட்டார். சில புழுக்கள் தின்றுகொண்டே நெடுந்தூரம் ஊர்ந்தன. சில புழுக்கள் விட்ட இடத்திலேயே உட்கார்ந்து தின்றன. முதல் வகையைச் சுற்றும் வகை என்று சொல்லலாம். இரண்டாவதை உட்காரும் வகை என்று சொல்லலாம்.

உட்காரும் வகை சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். சாப்பாடு இல்லாத தட்டில் விட்டால் இரண்டும் ஒரே அளவு ஊர்கின்றன. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு மரபணு என்று அவர் காட்டினார். சுற்றும் வகையை நாள் முழுக்கப் பட்டினி போட்டால் அதுவும் உட்காரும் வகை போல நடந்துகொள்ளும். பசி வந்தால் மரபணுவின் பிடியும் கொஞ்சம் தளர்கிறது.

இன்னொரு மரபணுவும் இந்தக் கதைக்கு வேண்டும். ஈக்கும் உறங்கும் நேரம், விழிக்கும் நேரம் உண்டு. காலையிலும் மாலையிலும் சுறுசுறுப்பாக இருக்கும். நடுப்பகலில் ஓய்வெடுக்கும். முழு இருட்டில் வைத்தாலும் பல நாட்கள் இந்த ஒழுங்கு மாறாது. அதன் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 1971-இல் ரொனால்ட் கொனோப்கா, சீமோர் பென்சர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கடிகாரம் கெட்ட ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வகைக்கு ஒரு நாள் என்பது 19 மணி நேரம். இன்னொரு வகைக்கு ஏறக்குறைய 28 மணி நேரம். மூன்றாவது வகைக்கு நேரமே கிடையாது. தோன்றியபோது நடக்கும், தோன்றியபோது தூங்கும். மூன்றுக்கும் காரணம் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை வம்சம் என்று சொன்னவர் பக்கம்தான் வழக்கு சாய்கிறது. இனி கூட்டத்துக்கு வருவோம்.

நேரம் கெட்ட விருந்தாளி

2002-ஆம் ஆண்டு ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. ஜோயல் லெவின் என்பவரும் உடன் வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் இதைச் செய்தார்கள். கடிகார ஆராய்ச்சிக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹாலும் அதில் ஒருவர்.

நல்ல கடிகாரம் உள்ள ஈக்களை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றைக் கூட்டமாக இருட்டில் வைத்தார்கள். சிலவற்றைத் தனித்தனியாக இருட்டில் வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு ஈயையும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு எப்போது நடக்கிறது, எப்போது ஓய்கிறது என்று கணக்கு எடுத்தார்கள். மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. குழாயின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்று போகும். ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் கருவி ஒரு கோடு போட்டுக்கொள்ளும்.

கூட்டமாக இருந்த ஈக்களின் நேரம் ஒன்றோடு ஒன்று நன்றாக ஒத்துப்போனது. தனியாக இருந்த ஈக்களின் நேரம் ஆளுக்கு ஆள் விலகியது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் எழுந்து பழகுவது போல.

அடுத்து அவர்கள் செய்ததுதான் சுவையான காரியம். நல்ல கடிகாரம் உள்ள ஈக்களோடு நேரமே இல்லாத ஈக்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி. விருந்தாளிக்கு இரவும் தெரியாது, பகலும் தெரியாது. என்ன ஆனது? வீட்டுக்கார ஈக்களின் நேரமும் கலைந்தது. முன்பு போல ஒத்துப்போகவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வீட்டுக்கார ஈயின் மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் கடிகார மரபணு நல்ல நிலையில்தான் இருக்கிறது. கெட்டிருந்தது விருந்தாளியின் மரபணு. ஆனால் நடத்தை கலைந்தது வீட்டுக்காரருக்கு! ஓர் ஈயின் மரபணு இன்னோர் ஈயின் நடத்தையில் போய் வேலை செய்திருக்கிறது.

இதற்கு விஞ்ஞானிகள் மறைமுக மரபணு விளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் எளிது. என் மரபணு என்னை ஆக்குவது நேர் விளைவு. பக்கத்தில் இருப்பவரின் மரபணு அவரை ஆக்கி, அவர் வழியாக என்னையும் மாற்றுவது மறைமுக விளைவு.

வாசனை என்னும் பேச்சு

இருட்டில் ஈக்கள் ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. பின் எப்படி நேரம் ஒட்டிக்கொள்கிறது? மணம் வழியாகத்தான் என்று அந்தச் சோதனைகள் காட்டின.

ஈயின் உலகம் மணத்தால் ஆனது. தலையின் முன்பக்கம் இரண்டு சின்ன உணர்கொம்புகள் இருக்கும். அதுதான் ஈயின் மூக்கு. ஈயின் முகரும் திறன் பற்றி உலகத்துக்குப் பல புது விஷயங்களைச் சொன்னவர்களில் நம் நாட்டவர்களும் உண்டு. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் 1970-களில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். சில மணங்களை மட்டும் உணர முடியாத ஈக்களைத் தேடிப் பிடித்தார்கள். எந்த மரபணு கெட்டதால் எந்த மணம் போயிற்று என்று ஆராய்ந்தார்கள். சித்திக்கி பின்னாளில் பெங்களூரில் தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தை உருவாக்கினார். 2013-இல் மறைந்தார்.

ஈ மணத்தை முகர்வது மட்டும் இல்லை. தானும் மணம் வீசுகிறது. அதன் தோல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. நான் ஆண், நான் பெண், நான் இந்த இனம் என்று அந்தப் பூச்சின் மணம் மற்ற ஈக்களுக்குச் சொல்கிறது. இந்த மணத்தைத் தயாரிப்பதற்கும் மரபணுக்கள் இருக்கின்றன.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நாருக்குச் சொந்த மணம் இல்லை. பூவின் மணம் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஈயில் நடப்பது அதைவிட ஒரு படி மேல். 2008-இல் கனடாவில் லெவினின் குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு பாட்டிலில் ஒரே வகை ஆண் ஈக்களை வைத்தார்கள். இன்னொரு பாட்டிலில் இரண்டு வகைகளைக் கலந்து வைத்தார்கள். கலந்து வைத்த பாட்டிலில் ஈக்கள் வீசும் மணமே மாறியது. தோலில் மணம் தயாரிக்கும் ஒரு மரபணுவின் வேலை மாறியது. தலையில் இருக்கும் கடிகார மரபணுக்களின் வேலையும் மாறியது. எத்தனை முறை இணை சேர்கின்றன என்பதுகூட மாறியது.

மரபணுவின் வேலை மாறியது என்றால் என்ன பொருள்? மரபணுவே மாறிவிட்டதா? இல்லை. மறுபடி புத்தகத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. நேற்று ஒரு பக்கத்தை ஒரு முறை வாசித்தோம். இன்று அதே பக்கத்தைப் பத்து முறை வாசிக்கிறோம். வேறு ஒரு பக்கத்தைத் திறக்கவே இல்லை. எழுத்து எதுவும் மாறவில்லை. வாசிப்பது மாறிவிட்டது. செல்லும் இப்படித்தான். எந்தக் குறிப்பை எவ்வளவு வாசிப்பது என்பது நேரத்துக்கு நேரம் மாறும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் அதை மாற்றுகிறது.

நார் பூவின் மணத்தை வாங்கிக்கொள்கிறது. ஈயோ, பூவைப் பார்த்துத் தன் மணத்தையே மாற்றித் தயாரிக்கிறது.

எப்படி நிச்சயமாகச் சொல்ல முடிகிறது?

ஒரு சந்தேகம் வரும். கூட்டத்தில் ஈ மாறுகிறது, சரி. அது பக்கத்து ஈயின் மரபணுவால்தான் என்று எப்படித் தெரியும்? சாப்பாட்டில் வித்தியாசம் இருந்திருக்கலாம். வெயிலில், காற்றில் வித்தியாசம் இருந்திருக்கலாம்.

நல்ல சந்தேகம். ஒரு விவசாயி புது விதையைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய விதையை மேட்டு நிலத்திலும் புது விதையைப் பள்ளத்திலும் விதைத்தால் ஒன்றும் தெரியாது. ஒரே வயல் வேண்டும். ஒரே தண்ணீர், ஒரே எரு வேண்டும். விதை மட்டும் மாற வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் விதையால் வந்தது என்று சொல்ல முடியும்.

ஈயிலும் அதேதான். ஒரே அளவு பாட்டில். ஒரே கூழ். ஒரே சூடு. ஒரே வெளிச்சம். ஈக்களின் வயதும் ஒன்றே. இவை போக, சோதிக்கும் ஈக்கள் எல்லாம் ஒரே மரபணு உள்ளவையாக இருக்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. ஒரே தாய் ஈயின் பிள்ளைகளை அவர்களுக்குள்ளேயே இணை சேர்க்கிறார்கள். அவற்றின் பிள்ளைகளையும் அப்படியே. இருபது தலைமுறை இப்படிப் போனால் அந்த வம்சத்தில் எல்லா ஈக்களும் ஏறக்குறைய அச்சில் வார்த்தது போல் ஆகிவிடும். அமெரிக்காவில் ராலி என்ற ஊரில் பிடித்த ஈக்களிலிருந்து இப்படி 200-க்கும் மேற்பட்ட வம்சங்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கு அவற்றை வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது சோதனை சுலபம். முதல் வம்சத்து ஈ ஒன்றை இரண்டாம் வம்சத்தோடு வைக்கிறார்கள். அதே வம்சத்து இன்னோர் ஈயை மூன்றாம் வம்சத்தோடு வைக்கிறார்கள். இரண்டு ஈக்களும் அச்சில் வார்த்தவை. மாறியது துணை மட்டும்தான். அவற்றின் நடத்தையில் வித்தியாசம் வந்தால் அது துணையால் வந்தது. துணைகளுக்குள் வித்தியாசம் அவற்றின் மரபணுவில் இருக்கிறது.

ஆண் ஈக்கள் சாப்பாட்டு இடத்துக்காகச் சண்டை போடும். இறக்கையை உயர்த்தி மிரட்டும். பாய்ந்து முட்டும். கூட்டத்தில் எந்த வம்சத்து ஈக்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஆண் ஈயின் சண்டைக் குணம் மாறுகிறது என்று 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. முன்கோபி யார் என்பதைத் தனியாக வைத்துப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

தனியாக வைப்பதும் ஈக்கு நல்லதில்லை. தனிமையில் வளர்ந்த ஆண் ஈ அதிகமாகச் சண்டை போடும். கூட்டத்தில் வளர்ந்த ஈ பகலில் அதிகம் தூங்கும். ஈக்கும் தனிமை ஒரு பாடுதான்.

படிப்பிலும் கூட்டாளி

ஈக்குப் பாடம் சொல்லித்தர முடியும். ஒரு மணத்தைக் காட்டும்போது லேசாக மின்சார அதிர்ச்சி கொடுப்பார்கள். இன்னொரு மணத்தைக் காட்டும்போது ஒன்றும் செய்ய மாட்டார்கள். பிறகு இரண்டு மணத்துக்கும் நடுவே ஈயை விடுவார்கள். பாடம் படித்த ஈ, அதிர்ச்சி தந்த மணத்தை விட்டு விலகி நடக்கும்.

சுற்றும் வகை, உட்காரும் வகை என்று பார்த்தோமே, அந்த இரண்டு வகை ஈக்களுக்கும் இந்தப் பாடத்தை நடத்தினார்கள். தனியாகவும் நடத்தினார்கள், கூட்டமாகவும் நடத்தினார்கள். 2013-இல் முடிவு வந்தது. உட்காரும் வகை கூட்டத்தில் இருக்கும்போது நன்றாகப் படித்தது. தனியாக விட்டால் அவ்வளவு படிக்கவில்லை. சுற்றும் வகைக்குத் தனியாக இருந்தாலும் கூட்டமாக இருந்தாலும் படிப்பு ஒன்றுதான். ஆனால் அதற்கு வேறு ஒரு விஷயம் பெரிதாக இருந்தது. கூட இருப்பது தன் வகையா, வேறு வகையா என்பது அதன் படிப்பையும் நினைவையும் பாதித்தது. உட்காரும் வகைக்கு அது பொருட்டாக இல்லை.

ஆகவே, கூட்டம் எல்லாரையும் ஒரே மாதிரி மாற்றுவதில்லை. யார் எவ்வளவு கூட்டத்துக்கு அசைவார் என்பதிலும் மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. மாலை வகுப்பில் சிலர் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். சிலர் மூலையில் தனியே உட்கார்ந்து படிப்பார்கள். ஈயில் கண்டதை அப்படியே அவர்கள்மேல் ஏற்றிவிட முடியாதுதான். ஆனாலும் ஞாபகம் வருகிறது.

அப்படி ஏற்றக்கூடாது என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அச்சில் வார்த்த ஈ வம்சம் ஆராய்ச்சிச் சாலையில் மனிதர் செய்தது. மனிதர்களில் அப்படி ஒரு சாதியும் இல்லை, ஓர் ஊரும் இல்லை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேருக்குள்ளேயே மரபணு வித்தியாசம் ஏராளம். மனிதருக்குப் பேச்சு உண்டு. பள்ளிக்கூடம் உண்டு. கூலி, கடன், சட்டம் எல்லாம் உண்டு. ஈயின் பாட்டிலில் இவை எதுவும் இல்லை. "அந்தக் கூட்டத்தோடு சேராதே, அவர்கள் ரத்தம் அப்படி" என்று பேச இந்த ஈயைச் சாட்சிக்கு அழைத்தால் அது பொய்ச் சாட்சி.

ஈயிலிருந்து கோழிக்கு

ஈ எப்படிப் போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். கோழிப் பண்ணையில் வேலை செய்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

முட்டைக்கோழிகளைக் கூண்டில் பல கோழிகளாக அடைத்து வளர்க்கிறார்கள். அங்கே ஒரு தொல்லை உண்டு. கோழிகள் ஒன்றை ஒன்று கொத்தும். இறகைப் பிடுங்கும். ரத்தம் வந்துவிட்டால் கொத்திக் கொன்றேவிடும். இதைத் தடுக்கக் குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியை வெட்டுகிறார்கள். கோழிக்கு வலி. பண்ணைக்குச் செலவு.

நல்ல கோழி இனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதிக முட்டை இட்ட கோழியைப் பார்த்து, அதன் குஞ்சுகளை வளர்ப்பதுதான் வழக்கம். சரியான வழி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் கூண்டில் முதலாவதாக வந்த கோழி எப்படி முதலாவதாக வந்தது? பக்கத்துக் கோழிகளைக் கொத்தி விரட்டி, தீவனத்தைத் தான் தின்று வந்திருக்கலாம். அதன் குஞ்சுகளை மட்டும் எடுத்து ஒரே கூண்டில் போட்டால்? கூண்டு முழுக்கக் கொத்தும் கோழிதான்.

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மூயிர் வேறு வழியில் போனார். 1982-இல் வெள்ளை லெகார்ன் கோழிகளை வைத்துத் தொடங்கினார். நம் பண்ணைகளிலும் முட்டைக்காக வளர்க்கிற இனம்தான் அது. ஒரே சேவலுக்குப் பிறந்த கோழிகளைக் கூட்டமாக ஒரு கூண்டில் வைத்தார். அலகை வெட்டவில்லை. தனிக் கோழியின் முட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. கூண்டு முழுவதும் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். நன்றாக இருந்த கூண்டின் குடும்பத்தை முழுசாக எடுத்துக்கொண்டார். கெட்டுப்போன கூண்டின் குடும்பத்தை முழுசாக ஒதுக்கினார். ஒரு கோழி தனக்கு என்ன செய்துகொள்கிறது என்பதோடு, பக்கத்துக் கோழிக்கு என்ன செய்கிறது என்பதும் இந்தக் கணக்கில் வந்துவிட்டது.

1996-இல் அவர் கணக்கை வெளியிட்டார். இரண்டாம் தலைமுறையில் ஒரு வருடத்துக்குள் 100 கோழிகளில் 68 செத்தன. நான்காம் தலைமுறையில் 100-க்கு 9 கோழிகள்தான் செத்தன. தனிக்கூண்டில், கொத்துவதற்குத் துணையே இல்லாமல் இருந்த கோழிகளிலும் 100-க்கு 9 செத்தன. அதாவது, கூட்டுக்கூண்டில் இருந்தும் பக்கத்துக் கோழியால் வந்த சாவு ஏறக்குறைய நின்றுவிட்டது.

கூண்டில் விட்ட கோழிக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 91 முட்டைகள் கிடைத்துவந்தன. நான்காம் தலைமுறையில் 237 முட்டைகள் கிடைத்தன. அலகு வெட்டும் வேலையே இந்தக் கோழிகளுக்குத் தேவைப்படாது என்று மூயிர் எழுதினார்.